கூடலூர்ச் சைக்கிளும் பித்தளை மணியும்

தேனியில் பஸ் ஏறிக் குமுளியை நோக்கிப் பிரயாணம் செய்கிறவருக்கு, வீரபாண்டியில் முல்லையாறு வந்து சேர்ந்துகொள்கிறது. அங்கிருந்து சீலையம்பட்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் என்று ஊர்கள் ஒவ்வொன்றாக வந்து போக, இருமருங்கும் தென்னையும் வாழையும் நெல்வயலும் மாறி மாறித் தோன்ற, தூரத்தில் நீலமாகக் கிடந்த மலைகள் மெல்ல மெல்ல நெருங்கிப் பச்சையாகி, கூடலூரை அடையும்போது கை நீட்டினால் தொட்டுவிடலாம் என்று எண்ணும்படி நிற்கின்றன. மேற்கே அரபிக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்த பெரியாற்றின் நீரை, பென்னிகுயிக் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் அணை கட்டித் தேக்கி, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பி, 1895-ஆம் ஆண்டில் இந்தப் பள்ளத்தாக்கில் இறக்கிவிட்ட புண்ணியத்தால், லோயர் கேம்ப் தொடங்கிப் பழனிசெட்டிபட்டி வரையில் 14,707 ஏக்கர் நிலம் இருபோகம் விளைகிறது. இந்தப் பசுமையைப் பார்ப்பதற்கென்றே ஒருவர் இங்கே வரலாம். நான் வந்த காரியம் வேறு. பழைய சைக்கிள்களை வீட்டிலேயே பிரித்துச் செப்பனிட்டு, அவற்றின் உலோக உறுப்புகளில் தம் கையாலேயே எழுத்து வெட்டுகிற பெரியவர் ஒருவர் கூடலூரில் இருக்கிறார் என்று நண்பர் சொல்லியிருந்தார்; அவரைக் காணவே புறப்பட்டேன்.

வழியில் சின்னமனூரில் இறங்கினேன். உலோகத்தில் எழுத்துப் பொறிப்பதைப் பற்றிச் சிந்திக்கிற எவருக்கும் அந்த ஊர் ஒரு க்ஷேத்திரம். பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட பாண்டியன் ராஜசிம்மனுடைய செப்பேடுகள் அங்கேதான் கிடைத்தன. சம்ஸ்கிருதப் பகுதியைக் கிரந்தத்திலும் தமிழ்ப் பகுதியை வட்டெழுத்திலும் தாங்கிய அந்தச் சாசனத்தில், பாண்டியர் தம் முன்னோர் மகாபாரதத்தைத் தமிழ்ப்படுத்தியதையும் மதுரையிலே சங்கம் வைத்ததையும் பெருமையோடு குறித்திருக்கிறார்கள் என்பது தமிழ்ச் சரித்திரம் படித்தவர்களுக்குத் தெரிந்த விஷயம். ஆனால் அன்று என் மனத்தில் நின்றது அரசனுடைய பெருமை அல்ல. உளியைப் பிடித்த கை. அரசன் சொன்னதை ஓலையில் எழுதினால் கரையான் தின்னும், சுவரில் எழுதினால் மழை கரைக்கும் என்று கண்டு, செம்பைத் தகடாக அடித்து, அதில் ஒவ்வொரு எழுத்தாக வெட்டி, எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டில் இது நடந்தது என்பதையும் மறவாமல் சேர்த்து, வளையத்தில் கோத்துக் கொடுத்த அந்த வேலைக்காரனுடைய கை, ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும் நமக்குச் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறது.

அரசர்கள் போன பின்னும் அந்தத் தொழில் போகவில்லை. நம் வீடுகளில் உள்ள பித்தளைக் குடத்தையும் அண்டாவையும் தூக்குவாளியையும் எடுத்துப் பார்த்தால், கழுத்துப் பக்கத்தில் தலைப்பெழுத்தோடு ஒரு பெயர், சில சமயம் ஊர், சில சமயம் கல்யாணத் தேதி வெட்டப்பட்டிருக்கும். சீர்வரிசைப் பாத்திரம் வாங்கினால் கடை வாசலிலேயே பெயர் வெட்டித் தருவது சம்பிரதாயம். முன்பு சிற்றுளியும் சிறு சுத்தியலும் கொண்டு புள்ளி புள்ளியாகவும் கோடாகவும் வெட்டினார்கள். இப்பொழுது மின்சாரத்தில் அதிரும் பேனாவைக் கொண்டு நிமிஷத்தில் எழுதிவிடுகிறார்கள். எழுத்தின் அழகு குறைந்திருக்கிறது என்பது என் அபிப்பிராயம். வழக்கம் அறவில்லை என்பதில் சந்தோஷம்.

கூடலூரில் நான் இறங்கியபோது நல்ல வெயில். ஏலத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு விடியலிலேயே குமுளி மலை ஏறிவிடும் ஜீப்புகள் இல்லாமல் வீதி ஓய்ந்திருந்தது. ஊருக்கு வெளியே பந்தல்களில் பன்னீர் திராட்சை கருத்துத் தொங்கியது; கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததை இங்குள்ள விவசாயிகள் இன்னும் பெருமையாகச் சொல்கிறார்கள். பெரியவருடைய வீடு ஓடு வேய்ந்த பழைய வீடு. எழுபதைக் கடந்த வயது. மின்வாரியத்தில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"வாங்க தம்பி, திண்ணையில உக்காருங்க. மொதல்ல ஒரு காப்பித்தண்ணி குடிங்க" என்று உபசரித்துவிட்டு, பின்கட்டுத் தாழ்வாரத்துக்கு அழைத்துப் போனார். அங்கே ஒரு மர மேஜை, அதில் முடுக்கிய வைஸ், அரங்கள், உப்புத்தாள், ஸ்பேனர்கள், தேங்காய்ச் சிரட்டைகளில் வகைப்படுத்திப் போட்ட கோன்களும் பால்ரஸ் குண்டுகளும். சுவரில் சாய்ந்து நின்றது அவருடைய தகப்பனாரின் ஹெர்குலிஸ்.

"எங்கய்யா பவர் ஹவுஸ் கட்டுமான வேலைக்குப் போயி, சேத்த காசுல வாங்குன வண்டி இது" என்றார். லோயர் கேம்ப்பில் பெரியாற்று மின்நிலையம் எழுந்தது 1950-களில். அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் மின்சாரம் உற்பத்தியாகத் தொடங்கியது. அக்காலத்துக் கூடலூரிலிருந்து மலையடிவாரத்துக்கு நாள்தோறும் வேலைக்குப் போகிற ஒருவருக்குச் சைக்கிள் என்பது எத்தகைய சொத்து என்பதை இன்றைய இளைஞருக்கு விளக்குவது கடினம்.

ஹெர்குலிஸ் என்பது 1910-இல் பர்மிங்ஹாமில் தோன்றிய பெயர். நாடு சுதந்திரம் அடைந்த பின், சென்னை முருகப்பா குடும்பத்தாரும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் கம்பெனியாரும் கூடி 1949-இல் டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனியை நிறுவி, அம்பத்தூரில் அந்தப் பெயரிலேயே வண்டி செய்யத் தொடங்கினார்கள். வங்காளத்தில் அஸன்ஸோலில் சென்–ராலே கம்பெனி நாட்டிங்ஹாம் ராலே வண்டியைச் செய்தது. கப்பலில் வந்த சாமானை நம்பியிருந்த நாடு தனக்கு வேண்டிய சைக்கிளைத் தானே வார்த்துக்கொண்ட காலம் அது. அந்த வண்டிகளை உற்று நோக்கினால், உலோகத்தில் எழுதுகிற ஆசை ஆலைக்காரர்களுக்கும் இருந்தது தெரியும். ராலே பல்சக்கரத்தின் நடுவில் நாரையின் தலைகள் வெட்டப்பட்டிருக்கும். துப்பாக்கித் தொழிலில் பிறந்த பி.எஸ்.ஏ. தன் சக்கரத்தில் மூன்று துப்பாக்கிகளைச் சாய்த்து வைத்துக் காட்டும்; ரட்ஜ் வண்டியில் விரித்த உள்ளங்கை; ஹெர்குலிஸ் சக்கரங்கள் சிலவற்றில் அந்தப் பெயரின் எழுத்துகளே இடைவெளிகளாக அமைந்திருக்கும். ஸ்டர்மி ஆர்ச்சர் என்ற மூன்று வேக ஹப் ஒன்றைப் பெரியவர் கையில் கொடுத்துத் திருப்பச் சொன்னார். அதன் ஓட்டில் செய்த ஆண்டும் மாதமும் எண்களாக அடிக்கப்பட்டிருந்தன. கால் மிதித்துக் கால் மிதித்துப் போகிற ஒரு யந்திரத்துக்கு இவ்வளவு சிரத்தை எதற்கு என்று கேட்பவர் கேட்கலாம். வாங்குகிறவன் வாழ்நாள் முழுவதும் வைத்துக்கொள்வான், பிள்ளைக்கும் கொடுப்பான் என்று நினைத்துச் செய்த சாமானுக்குத்தான் இந்தச் சிரத்தை வரும்.

இனி அவர் வேலையைச் சொல்கிறேன். பழைய வண்டியைப் பிரிப்பதில்தான் பாதி வித்தை அடங்கியிருக்கிறது. பெடல் கையை அச்சோடு பிணைக்கும் காட்டர் பின் பல்லாண்டுத் துருவில் இறுகியிருக்கும். அவசரப்பட்டுச் சுத்தியலால் அடித்தால் அதன் மரை நசுங்கி, பின் அசையவே அசையாது. அவர் மண்ணெண்ணெயும் என்ஜின் ஆயிலும் கலந்து ஊற்றி ஓரிரவு ஊறவிட்டு, பெடல் கைக்கு அடியில் ஒரு குழாய்த் துண்டை முட்டுக்கொடுத்து, அடியின் வேகம் பால்ரஸ் குண்டுகளில் இறங்காதபடி ஒரே தட்டில் கழற்றுகிறார். இடது பெடலின் மரை மட்டும் எதிர்ப்புறமாகச் சுழலும் என்பதை அறியாமல் முழு பலத்தோடு முறுக்கிக் கெடுத்தவர்கள் அநேகம் என்றும் சொன்னார். கழற்றிய ஒவ்வொன்றையும் மண்ணெண்ணெயில் கழுவி, எந்தப் பக்கத்துக் குண்டு எந்தப் பக்கம் என்று தனித்தனிச் சிரட்டையில் இடுகிறார்.

அடுத்தது துரு. "துருவத்தான் எடுக்கணும் தம்பி, இரும்ப எடுத்துறக் கூடாது" என்றார். கம்பி பிரஷ்ஷையும் சாணைச் சக்கரத்தையும் கண்டால் அவருக்கு ஆகாது. அவை துருவோடு சேர்த்து ஆலை எண்ணையும், சின்னத்தின் மெல்லிய கோடுகளையும் தேய்த்துவிடும். சிறிய நட்டு, போல்ட்டுகளுக்கு அவர் உபயோகிப்பது நம் சமையலறைப் புளி. புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் துருவைக் கரைத்து இளக்குகிறது. பித்தளை விளக்கைப் புளி போட்டுத் துலக்கிய நம் பாட்டிமார் ரசாயன சாஸ்திரம் படிக்காமலே இதை அறிந்திருந்தார்கள். புளிக்கரைசலில் ஊறிய இரும்பைச் சோடா கலந்த நீரில் அலசி அமிலத்தை முறித்து, வெயிலில் உலர்த்தி, சூடு ஆறுவதற்குள் எண்ணெய் தடவிவிடவேண்டும். ஒரு மணி நேரம் அசந்தாலும் புதிய துரு செம்மண் நிறத்தில் பூத்துவிடும்.

ஹேண்டில்பார் போன்ற பெரிய உறுப்பு முழுதும் துருவேறி, மேற்பூச்சு எதுவும் மிஞ்சாமல் இருந்தால் மின்சார முறை. பிளாஸ்டிக் வாளியில் நீர் நிரப்பி, சலவைச் சோடாவைக் கரைத்து, செப்பனிடவேண்டிய உறுப்பைப் பேட்டரி சார்ஜரின் எதிர்முனையிலும், வேண்டாத இரும்புத் தகடு ஒன்றை நேர்முனையிலும் கட்டித் தொங்கவிடுகிறார். இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது. மின்சாரம் பாயப் பாய உறுப்பின் மேல் நுண்ணிய குமிழிகள் எழுந்து துரு கழன்று வருகிறது, அடியில் உள்ள இரும்பு தேய்வதில்லை. இதில் இரண்டு ஜாக்கிரதைகள் அவசியம். எழுகிற குமிழி ஹைட்ரஜன் வாயு. ஆகையால் திறந்த வெளியில், நெருப்பு அண்டாத இடத்தில் செய்யவேண்டும். நேர்முனையில் எவர்சில்வர்த் தகட்டைக் கட்டவே கூடாது. அதிலுள்ள குரோமியம் கரைந்து கொடிய விஷமாக நீரில் கலக்கும்.

குரோமியப் பூச்சு மிஞ்சியிருக்கும் இடங்களுக்கு அமிலமும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். ஹோட்டலில் பொட்டலம் கட்டித் தருகிற அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் போதும்; அலுமினியம் குரோமியத்தைவிட மென்மையானதால் கீறல் விழாமல் துரு மட்டும் அகலுகிறது. என் கையாலேயே மட்கார்டின் ஒரு சாணகலத்தைத் தேய்த்துப் பார்த்தேன். பழுப்பு நிறத்துக்கு அடியிலிருந்து நீலம் கலந்த அந்தப் பளபளப்பு மேலே வந்தபோது மனம் பூரித்தது. இன்னும் முந்திய வண்டிகளில் குரோமியம் இராது, நிக்கல் பூச்சே இருக்கும். அதன் ஒளியில் மஞ்சள் சாயல் உண்டு. பூச்சு முற்றிலும் போன உறுப்புக்குப் புதுப்பூச்சு வேண்டுமானால் முலாம் பூசும் பட்டறைக்குத்தான் அனுப்பவேண்டும். அந்த விஷக் கரைசலை வீட்டுக்குள் கொண்டுவருவது அடாத காரியம்.

கறுப்பு எனாமலை மட்டும் அவர் தொடவில்லை. மெல்லிய துணியில் எண்ணெய் நனைத்துத் துடைத்ததோடு சரி. பின் மட்கார்டில் பூச்சு உதிர்ந்த இடத்தில், அடியிலிருந்து வெள்ளையில் ஓர் எண் எட்டிப்பார்த்தது. தகப்பனாருக்கு முன் அந்த வண்டி ஒரு வாடகைச் சைக்கிள் கடையில் ஓடியிருக்கிறது. முன்குழாயின் அருகே கம்பியில் கோத்த சிறிய வில்லை ஒன்று கிடந்தது. சைக்கிளுக்கும் வரி கட்டி, உள்ளாட்சி மன்றத்தில் வில்லை வாங்கிப் பூட்டிக்கொண்டு ஓட்டிய காலத்தை வயதானவர்கள் நினைவுகூர்வார்கள். புதுப் பெயிண்ட் அடித்துப் பழைய வண்டியைக் கண்காட்சிச் சாமானாக்குகிறவர்கள், முதலில் இந்த எண்ணையும் வில்லையையும்தான் எறிவார்கள். அப்படிச் செய்த வண்டி அழகாக இருக்கலாம். ஆனால் அது யாருடைய வண்டி என்று அதனிடம் கேட்டால் அதற்குப் பதில் தெரியாது. இந்த விஷயத்தில் நான் பெரியவர் கட்சி; வண்டியின் கீறலுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. யாழ்ப்பாணத்தில் 1990-களில் எரிபொருள் தடை நீடித்தபோது, பழைய ராலேக்களும் ஹம்பர்களும்தாம் ஜனங்களையும் மூட்டைகளையும் நோயாளிகளையும் சுமந்தன. அத்தகைய வண்டியின் கீறலை மறைக்கப் புதுச்சாயம் பூசுவது, என் அபிப்பிராயத்தில், ஒரு சாசனத்தின் வரியை அழிப்பதே ஆகும்.

மாலையில் எழுத்து வெட்டும் வேலையைக் காட்டினார். பித்தளை மணியின் மேல்மூடியைக் கவிழ்த்து, உருக்கிய அரக்கை அதனுள் நிரப்பி, ஒரு மரக்கட்டையோடு ஒட்டிப் பிடிக்கச் செய்திருந்தார். பொற்கொல்லர் வேலையில் அரக்குக்கு உள்ள இடத்தை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. உள்ளே அரக்கு இறுகி நிற்பதால் உளி படும்போது தகடு நசுங்குவதில்லை, வேலை முடிந்ததும் இலேசாகச் சூடு காட்டினால் அரக்கு விட்டுவிடுகிறது. எழுத்துகளை முதலில் பென்சிலால் எழுதி, பிறகு கூரிய ஊசியால் கீறி, அதன்மேல் சிற்றுளியைச் சாய்த்து வைத்துச் சுத்தியலால் மெல்ல மெல்லத் தட்டிக்கொண்டு போனார். நேர்கோட்டை வெட்டுவது சுலபம். நம் எழுத்திலுள்ள சுழிகளும் வளைவுகளும்தாம் சோதனை. அவற்றுக்கு அவர் உளியைத் திருப்பவில்லை, இடக்கையால் கட்டையைத் திருப்பினார். உளி நின்ற இடத்திலேயே நிற்க, மணி அதற்கு அடியில் சுழன்று சுழன்று வளைவைத் தானே எழுதிக்கொண்டது. ணகரத்தின் சுழிகளுக்கு அவர் எடுத்துக்கொண்ட நேரத்தில் மின்சாரப் பேனாக்காரர் ஒரு சீர்வரிசையையே முடித்திருப்பார். ஆனால் அந்த ணகரத்தில் மெலிந்து தொடங்கித் தடித்து முடிகிற ஒரு ஜீவன் இருந்தது.

உளி பழகாதவர்களுக்கு வேறு வழி உண்டு. பித்தளைத் தகட்டை நன்றாகத் துலக்கி, தேன்மெழுகை உருக்கி மெல்லியதாகப் பூசி, எழுத்தை ஊசியால் மெழுகில் கீறி, பெர்ரிக் குளோரைடு கரைசலில் முகம் கவிழத் தொங்கவிட்டால், மெழுகு விலகிய இடத்தை மட்டும் அது அரித்து எழுத்தாக்கும். அரித்த கசடு கீழே விழுந்துவிடுவதால் கோடு சுத்தமாக அமையும். ரேடியோ வேலைக்காரர்கள் மின்சுற்றுப் பலகை அரிக்க உபயோகிக்கும் சரக்கே அது. கைக்கு உறை வேண்டும். பட்ட துணியில் கறை போகாது. மிஞ்சியதைச் சாக்கடையில் ஊற்றலாகாது.

எங்கே வெட்டலாம் என்பதற்கும் அவரிடம் திட்டமான விதி இருந்தது. மணி, விளக்கின் மூடி, முன்குழாய்த் தகடு, இவைபோன்ற சும்மா இருக்கிற உறுப்புகளில் வெட்டலாம். போர்க், ஹேண்டில்பார் தண்டு, பெடல் கை என்று மனிதனுடைய பாரத்தைத் தாங்குகிறவற்றில் உளியே வைக்கக்கூடாது. வெட்டிய பள்ளத்தில் விசை குவிந்து, அங்கிருந்தே விரிசல் பிறக்கும். குரோமியம் பூசிய இரும்பில் வெட்டினால் பூச்சு பிளந்து, எழுத்தின் வழியே துரு இறங்கும்.

அன்று அவர் வெட்டியது தம் தகப்பனாருடைய பெயர். பழைய மணியில் இன்றைக்குப் புதிதாக எழுத்து வெட்டுவது, நாளைக்குப் பார்ப்பவரை ஏமாற்றுவது ஆகாதா என்று எனக்கு ஒரு சந்தேகம் எழுந்தது. அதைக் கேட்டும் விட்டேன்.

"அதுக்குத்தான் தம்பி, வெட்டுன வருசத்தையும் சேத்துப் போட்டுறணும்" என்று மணியின் உட்புறத்தைக் காட்டினார். அங்கே, அரக்கு ஊற்றுமுன்பே, தம் தலைப்பெழுத்தையும் நடப்பு ஆண்டையும் சிறிய எழுத்தில் வெட்டியிருந்தார். மேலே தகப்பன் பெயர், உள்ளே மகன் வெட்டிய ஆண்டு. சின்னமனூர்ச் சாசனத்திலும் ஆட்சியாண்டு இல்லாமல் தானம் இல்லை. பொறிப்பவன் பொய் சொல்லாமல் இருப்பதற்கு இதைவிட எளிய உபாயம் வேறொன்று எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலை, முன்சக்கரத்தில் 32 கம்பியும் பின்சக்கரத்தில் 40 கம்பியும் கோட்டம் எடுக்கப்பட்டு, அந்த ஹெர்குலிஸ் வீதிக்கு வந்தது. அவருடைய பேரன் ஏறிக்கொள்ள, நான் ஒரு வாடகை ஆட்டோவில் பின்தொடர, லோயர் கேம்ப் வரை போய்வந்தோம். மலைச்சரிவில் இறங்கி வரும் ராட்சசக் குழாய்களும், அவற்றின் அடியில் மின்நிலையமும், சற்று அப்பால் பென்னிகுயிக் மணிமண்டபமும் பார்த்தோம். பேரன் வழியெல்லாம் மணியை அடித்துக்கொண்டே வந்தான்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுக் கொல்லையிலோ மாடிப்படிக்கு அடியிலோ பழைய சைக்கிள் ஒன்று கிடந்தால், அதைப் பழைய இரும்புக் கடைக்குப் போடுவதற்கு முன் ஒரு தடவை துடைத்துப் பாருங்கள். ஆசனக் குழாயின் மேற்புறத்திலோ பெடல் அச்சின் அடியிலோ ஆலை எண் இருக்கும். மட்கார்டில் ஒரு பெயரோ வாடகைக் கடை எண்ணோ இருக்கலாம். வரி வில்லை தொங்கலாம். அவற்றைப் படித்து, வண்டி யாருடையது, எப்போது வாங்கியது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள். எழுத்து வெட்டக் கற்க ஆசை உள்ளவர்கள், உங்கள் ஊர்ப் பாத்திரக் கடையில் உளி பிடிக்கத் தெரிந்த பழைய வேலைக்காரர் எவரேனும் இருந்தால், காலம் தாழ்த்தாமல் அவரிடம் போய்ச் சேருங்கள்.